இன்சூரன்ஸ் கேட்கும் எடை

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இன்சூரன்ஸ் கவுண்டருக்கு எதிரே நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். அக்கா மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதில் பன்னிரண்டு வருட ஓபி சீட்டுகள். சுகர் அளவு, பிரஷர், மாத்திரைப் பெயர்கள் எல்லாம் இருந்தன. பாதிச் சீட்டுகளில் எடை இருந்தது. உயரம் ஒன்றில்கூட இல்லை. "வெயிட்டைக் குறைங்கம்மா" என்று டாக்டர்கள் அக்காவிடம் சொன்னது நூறு தடவை இருக்கும். அதை யாரும் ஒரு தடவைகூடச் சீட்டில் எழுதவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் கிளைமைப் பரிசீலிக்கும் நிறுவனமான டிபிஏ அனுப்பிய கடிதம் அதைத்தான் கேட்டது: எடையைக் குறைக்க இதற்கு முன் மருத்துவ மேற்பார்வையில் எடுத்த முயற்சிகளுக்கு ஆவணம் எங்கே?

எடையைக் குறைக்க வயிற்றில் செய்யும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைக்குக் கேட்ட கேஷ்லெஸ் அனுமதி, அதாவது ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியே நேராகப் பணம் கட்டும் அனுமதி, அன்று கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து பாலிசி புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஆறு வருடமாகப் பிரீமியம் கட்டியும் அதை அதுவரை திறந்து பார்த்ததில்லை. எடைக்குறைப்புக்குப் பணம் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது அதிலுள்ள ஒரே ஒரு பத்திதான். இந்தியாவில் விற்கும் பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் அதே பத்தி, அதே வாசகத்தோடு, அதே எண்ணில் இருக்கிறது: விலக்கு எண் 06. விலக்கு என்றால் கம்பெனி எதற்குப் பணம் தராது என்று சொல்லும் பத்தி.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019 செப்டம்பரில் விலக்குகளுக்கெல்லாம் பொதுவான வாசகம் வகுத்தது. அதற்கு முன்பு கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு மாதிரி எழுதுவார்கள். உடல் பருமனுக்கு எந்தச் சிகிச்சையும் கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்ட பாலிசிகள் நிறைய. அந்த வகையில் பொது வாசகம் வந்தது ஒரு முன்னேற்றம். முழுக்க மூடியிருந்த கதவில் ஒரு சின்ன இடைவெளி விட்டார்கள்.

அந்த இடைவெளியின் அளவு இதுதான். அறுவை சிகிச்சையை டாக்டர் பரிந்துரைக்க வேண்டும். மருத்துவ நெறிமுறைகள் அதை ஆதரிக்க வேண்டும். நோயாளிக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்ணான பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிஎம்ஐ 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே நான்கு நோய்களில் ஒன்றாவது தீவிரமாக இருக்க வேண்டும்: பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் மூச்சு தடைபடும் தீவிர ஸ்லீப் ஆப்னியா, கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை நோய். அதோடு, அறுவை சிகிச்சை அல்லாத எளிய வழிகளில் எடையைக் குறைக்க முயன்று அது பலிக்காமல் போயிருக்க வேண்டும்.

இந்தப் பத்தி அறுவை சிகிச்சையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. டயட்டீஷியன், உடற்பயிற்சி, கவுன்சலிங், மருந்து எல்லாம் சேர்ந்து ஆறு மாதம், ஒரு வருடம் நடக்கும் எடைக்குறைப்புத் திட்டத்தைப் பற்றி இதில் ஒரு வார்த்தை கிடையாது. அதைத் தனியாக விலக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. நம் ஊர் பாலிசி அடிப்படையில் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும்: 24 மணி நேர அட்மிஷன், இல்லையென்றால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடும் டே கேர் சிகிச்சை. வாரத்துக்கு ஒருமுறை போய் எடை பார்த்து, சாப்பாட்டுக் கணக்கைக் காட்டி, டாக்டரிடம் பேசிவிட்டு வீட்டுக்கு வருவது ஓபி கணக்கு. அது பாலிசிக்குள் நுழைவதே இல்லை.

சரி, உள்ளே தங்கி எடை குறைக்கும் இயற்கை மருத்துவ முகாமுக்குப் போனால்? அதற்கு விலக்கு எண் 13 இருக்கிறது. இயற்கை வைத்தியக் கிளினிக், ஸ்பா போன்ற இடங்களில் எடுக்கும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. டயட் பவுடர், புரோட்டீன் டப்பா? அது விலக்கு எண் 14. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கக்கூடிய சத்துப் பொருள்களை, ஆஸ்பத்திரி சிகிச்சையின் பகுதியாக டாக்டர் எழுதித் தந்தால் ஒழிய ஏற்க மாட்டார்கள். எடைக்குறைப்பு என்ற பேச்சு எந்தப் பக்கமாக வந்தாலும் அங்கே ஒரு எண் தயாராக நிற்கிறது.

இந்த 35, 40 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். 1991ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் ஒரு நிபுணர் மாநாடு கூட்டியது. பருமன் அறுவை சிகிச்சை யாருக்குத் தேவை என்று அதில் பேசி முடிவு செய்தார்கள்: பிஎம்ஐ 40, அல்லது பருமனோடு சேர்ந்த கடுமையான நோய் இருந்தால் 35. சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி பரவாத காலம் அது. வயிற்றை நீளமாகத் திறந்துதான் இந்த அறுவை சிகிச்சையைச் செய்தார்கள். ஆபத்து அதிகம் என்பதால் வரம்பையும் உயரத்தில் வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது நியாயம். அதே இரண்டு எண்கள் 28 வருடம் கழித்து நம் பாலிசியில் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கின்றன.

இதை உடம்பில் வைத்துப் பார்ப்போம். என் அக்காவின் உயரம் 158 சென்டிமீட்டர், தமிழ்நாட்டுப் பெண்களில் சற்று உயரம்தான். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது பிஎம்ஐ. 158 சென்டிமீட்டர் பெண்ணுக்கு பிஎம்ஐ 35 என்றால் 87 கிலோவுக்கு மேல். 40 என்றால் ஏறக்குறைய 100 கிலோ. இதே பெண் 62 கிலோவைத் தாண்டினாலே இந்திய மருத்துவர்களின் கணக்கில் உடல் பருமன் உள்ளவர். ஏனென்றால் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23 வந்தாலே அதிக எடை, 25 வந்தால் பருமன் என்று 2009லேயே இங்குள்ள நிபுணர்கள் கூடி வகுத்துவிட்டார்கள். டாக்டர் நோய் என்று சொல்லும் 62 கிலோவுக்கும் இன்சூரன்ஸ் ஒப்புக்கொள்ளும் 87 கிலோவுக்கும் நடுவில் 25 கிலோ இருக்கிறது. அந்த 25 கிலோவைச் சுமந்துகொண்டு நடப்பவர்களுக்கு பாலிசியில் ஒரு பைசா கிடையாது.

நமக்கு வரம்பு குறைவாக இருக்க வேண்டிய காரணம் எளிது. நம் உடம்பில் கொழுப்பு முதலில் வயிற்றில்தான் சேருகிறது. கைகால் ஒல்லியாக, தொப்பை மட்டும் முன்னால் நிற்கும் மாமாக்களும் சித்தப்பாக்களும் எல்லா வீட்டிலும் உண்டு. எடை மெஷின் பெரிதாக ஒன்றும் காட்டாது, ஆனால் ரத்தத்தில் சுகர் ஏறியிருக்கும். சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023ல் வெளியானது. அதன்படி இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் பிஎம்ஐ 25ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். அகில இந்திய அளவில் இது பெண்களில் 24, ஆண்களில் 22.9 சதவீதம்தான்.

மருத்துவ உலகம் சும்மா இருக்கவில்லை. பருமன் அறுவை சிகிச்சைக்கான அமெரிக்கச் சங்கமும் உலகக் கூட்டமைப்பும் 2022ல் சேர்ந்து அந்த 1991 வரம்பைக் கைவிட்டன. இப்போது அவர்கள் சொல்வது, பிஎம்ஐ 35க்கு மேல் என்றால் வேறு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், ஆசிய மக்களுக்கு 27.5லேயே பரிசீலிக்கலாம் என்பது. என் அக்கா உயரத்துக்கு 27.5 என்றால் 69 கிலோ. சர்ஜன் இந்தப் புது வரம்பைப் படித்துவிட்டு ஆபரேஷன் செய்யலாம் என்கிறார், பாலிசி பழைய வரம்பைக் காட்டி மறுக்கிறது. நடுவில் நோயாளி ஃபைலோடு உட்கார்ந்திருக்கிறார். இந்த இடத்தில் மாற வேண்டியது பாலிசிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த நான்கு நோய்ப் பட்டியலையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உயர் ரத்த அழுத்தம் அதில் இல்லை. தேய்ந்துபோன முழங்கால் இல்லை. கல்லீரல் கொழுப்பு இல்லை. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையான பிசிஓஎஸ் இல்லை. சர்க்கரை நோய் இருக்கிறது, ஆனால் "கட்டுக்குள் வராத" என்ற அடைமொழியோடு. மூன்று வகை மாத்திரையையும் இன்சுலினையும் தவறாமல் எடுத்து, சாப்பாட்டைச் சுருக்கி, மூன்று மாதச் சராசரி சுகரை ஏழுக்குப் பக்கத்தில் பிடித்து வைத்திருக்கிறவருக்கு என்ன பதில்? சுகர் கட்டுக்குள்தான் இருக்கிறது, ஆகவே தகுதி இல்லை என்று கிளைமைத் தள்ள இந்த ஒரு வார்த்தை போதும். ஆவணம் இல்லாததோடு அக்காவுக்கு இதுவும் சேர்ந்து நடந்தது. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டது அவளுக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது.

கம்பெனிகள் ஏன் எடைக்குறைப்புத் திட்டத்துக்குப் பணம் தரத் தயங்குகின்றன? அவர்கள் பக்கக் கணக்கையும் சொல்ல வேண்டும். மருத்துவ பாலிசி பெரும்பாலும் ஒரு வருட ஒப்பந்தம். கம்பெனியின் யோசனை இப்படிப் போகும்: இன்று ஒருவருக்கு 20 கிலோ குறைய நான் செலவு செய்தால், அதனால் தப்பிக்கும் மாரடைப்பும் டயாலிசிஸும் பத்து வருடம் கழித்து வரவேண்டியவை. அதற்குள் அவர் வேறு கம்பெனிக்கு பாலிசியை மாற்றிக்கொண்டு போய்விடலாம். செலவு எனக்கு, லாபம் அடுத்தவருக்கு. இரண்டாவது பயம், பாலிசி எடுக்கும்போதே சிகிச்சையை மனதில் வைத்துக்கொண்டு வருபவர்கள். மூன்றாவது, பருமன் என்றாலே அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்ற பழைய எண்ணம். அழகுக்கான அறுவை சிகிச்சையை விலக்கும் பத்தி, எண் 08, பருமனுக்கு இரண்டு எண் தள்ளித்தான் இருக்கிறது.

முதல் இரண்டு கவலைகளும் உண்மையானவைதான். ஆனால் அதே கம்பெனிகள், பாலிசி எடுக்கும்போது உயரமும் எடையும் கேட்டு, பிஎம்ஐ கூடுதல் என்றால் பிரீமியத்தில் லோடிங் போடுகின்றன. எடை நோயை வளர்க்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கூடுதல் பணம் வாங்குகிறார்கள். அப்படியானால் அந்த எடையைக் குறைக்கும் சிகிச்சைக்கும் அந்தக் கணக்கில் ஒரு இடம் வேண்டாமா?

இடம் கொடுக்க முடியும் என்பதற்கு வெளியே உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2011லிருந்து பிஎம்ஐ 30க்கு மேல் உள்ளவர்களின் எடைக்குறைப்பு ஆலோசனைக்குப் பணம் தருகிறது. முதல் மாதம் வாரம் ஒருமுறை, ஆறு மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதற்குள் 3 கிலோ குறைந்திருந்தால் வருடம் முடியும்வரை மாதம் ஒருமுறை. பலன் தெரிந்தால்தான் தொடரும் என்ற நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊர் கம்பெனியும் இப்படி ஒரு நிபந்தனையோடு ஆரம்பிக்கலாம். பலன் வரும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. பிரிட்டனில் சாதாரண கிளினிக்குகளில் நடத்தி 2017ல் வெளியான டைரக்ட் என்ற ஆய்வில், எடைக்குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த டைப் 2 சர்க்கரை நோயாளிகளில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் மாத்திரை இல்லாமலே சுகர் அளவு நோய் வரம்புக்குக் கீழே போனது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 சதவீதம்.

எடைக்குறைப்பு ஊசிகளின் கதைக்கு வருவோம், இப்போது எல்லோரும் கேட்பது அதைத்தான். டிர்செபடைடு மருந்தான மௌஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய் என்று விலை வைத்தார்கள். வாரம் ஒரு ஊசி என்றால் அந்த விலையில் மாதம் 14,000 முதல் 17,500 ரூபாய். ஜூனில் செமாக்ளுடைடு மருந்தான வெகோவி வந்தது. செமாக்ளுடைடுக்கு இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான், அதன் பிறகு நம் ஊர்க் கம்பெனிகளும் தயாரிக்கலாம், விலை இறங்கலாம். ஆனால் விலை எவ்வளவு இறங்கினாலும் இன்சூரன்ஸ் பார்வையில் இது வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசி, ஓபி செலவு. ஓபி செலவுக்கென்று பாலிசியோடு கூடுதலாக வாங்கும் ஓபி ரைடர் எடுத்தவர்கள் மட்டும் அதில் மருந்துக்கு இடம் உண்டா, வருட வரம்பு எவ்வளவு, எடைக்குறைப்பை விலக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பல ரைடர்களின் வருட வரம்பு, 2025ல் மௌஞ்சாரோ வந்தபோதிருந்த விலையில் சில மாதச் செலவுக்கே போதாது.

இப்போதைக்கு உள்ள வழி அறுவை சிகிச்சை வழிதான். அந்த வழியில் போகிறவர்கள் முதலிலிருந்தே செய்ய வேண்டியதை, நாங்கள் தாமதமாகக் கற்றுக்கொண்டபடியே சொல்கிறேன்.

டாக்டரிடம் போகும் ஒவ்வொரு முறையும் எடை, உயரம், பிஎம்ஐ மூன்றையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தருகிறவர்கள்தான் பெரும்பாலும், கேட்பதற்கு நமக்குத்தான் கூச்சம். டயட்டீஷியனைப் பார்த்தால் தேதி போட்ட ரசீதும் டயட் சார்ட்டும் வாங்கி வையுங்கள். ஆறு மாதம் முயன்றும் எடை குறையவில்லை அல்லது குறைந்து திரும்ப ஏறிவிட்டது என்றால், அதை ஒரு டாக்டர் தன் லெட்டர்பேடில் எழுதித் தர வேண்டும். பாலிசி கேட்கும் "பலிக்காத முயற்சி" என்பதற்கு இதுதான் சாட்சி. குறட்டை இருந்தால் ஸ்லீப் ஸ்டடி எடுத்துவிடுங்கள். தூக்கத்தில் மணிக்கு 30 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு தடைபட்டால் அது தீவிர ஸ்லீப் ஆப்னியா. பட்டியலிலுள்ள நான்கில் இதை ஒரே ராத்திரி சோதனையில் எண்ணோடு நிரூபித்துவிடலாம். பரிந்துரைக் கடிதத்தில் பருமன் என்று மட்டும் எழுதாமல், எந்த நோய், எத்தனை வருடம், என்ன மருந்து, அதையும் மீறி இன்று என்ன அளவு என்று சர்ஜனை விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

காத்திருப்புக் காலத்தையும் பாருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான அதிகபட்ச வெயிட்டிங் பீரியட் 2024 ஏப்ரலில் நான்கு வருடத்திலிருந்து மூன்று வருடமாகக் குறைந்தது. பேரியாட்ரிக் சிகிச்சைக்கென்று தனிக் காத்திருப்பும், இவ்வளவுதான் தருவோம் என்ற உள் வரம்பும் சில பாலிசிகளில் உண்டு. புது பாலிசிக்கு விண்ணப்பிக்கும்போது எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஏஜென்ட் "கொஞ்சம் குறைச்சுப் போட்டுக்கலாம் சார்" என்பார், அதன் பலன் கிளைம் நாளில் உங்கள் தலையில் வந்து விழும். ஐந்து வருடம் தொடர்ந்து பிரீமியம் கட்டிய பிறகு, உண்மையை மறைத்ததாகச் சொல்லி கிளைமை மறுக்க முடியாது, மோசடி நிரூபணமானால் தவிர. அந்த ஐந்து வருடம் வரை ஆபத்து உங்களுடையது.

வேலை செய்யும் இடத்தில் குரூப் பாலிசி இருந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். அதன் நிபந்தனைகள் முதலாளியும் கம்பெனியும் பேசி முடிவு செய்பவை. வருடா வருடம் புதுப்பிக்கும் முன் ஹெச்ஆரிடம் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் ஓபி ஆலோசனையோ பேரியாட்ரிக் சிகிச்சையோ சேர வாய்ப்பு இருக்கிறது. தனி பாலிசியில் அந்தப் பேரம் பேச முடியாது.

மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். எந்தப் பத்தியின்கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் வாங்கி, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் பாலிசிதாரரின் புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

பாலிசி வாசகங்கள் கல்லில் பொறித்தவை அல்ல. மனநோய்க்கு இன்சூரன்ஸ் கிடையாது என்பதுதான் நீண்ட காலம் வழக்கம். 2017ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று சொன்னது, கம்பெனிகள் விலக்கை எடுத்தன. பருமனுக்கு முதலில் வேண்டியது அவ்வளவு பெரிய சட்டம்கூட இல்லை. விலக்கு எண் 06ல் உள்ள இரண்டு எண்களை இந்திய உடம்புக்கு ஏற்ப மாற்ற ஐஆர்டிஏஐயின் ஒரு உத்தரவு போதும்.

அக்கா எட்டு மாதம் கழித்து இரண்டாவது முறை விண்ணப்பித்தாள். ஃபைலில் இந்த முறை ஸ்லீப் ஸ்டடி இருந்தது, மணிக்கு 41 தடவை என்ற எண்ணோடு. டயட்டீஷியனின் எட்டு மாதப் பதிவு இருந்தது: 91 கிலோவில் தொடங்கி, 86 வரை இறங்கி, திரும்ப 90. கேஷ்லெஸ் அனுமதி வந்தது. சில லட்சம் ரூபாய் ஆபரேஷன் செலவில் பெரும்பகுதியைக் கம்பெனி கட்டியது. அட்மிஷனுக்கு முந்தைய 60 நாள் செலவை பாலிசி தரும் என்பதால் அந்த இரண்டு மாத பில்களும் கிடைத்தன. அதற்கு முந்தைய ஆறு மாதத்தின் டயட்டீஷியன் ஃபீஸ், ரத்தப் பரிசோதனைகள், ஸ்லீப் ஸ்டடி எல்லாம் அக்காவின் கையிலிருந்து போனவை. அந்த ரசீதுகளை அவள் தூக்கிப் போடவில்லை. ஃபைலின் கடைசி உறையில் தனியாக வைத்திருக்கிறாள்.